அனுமதி இல்லாத போட்டியில் ஆடினால் வாழ்நாள் தடையா?

கேள்வி: நான் சர்வதேசப் போட்டிகளில் ஆடும் வீராங்கனை. தனியார் நிறுவனம் ஒன்று நடத்தும் போட்டிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அதில் ஆடினால் வாழ்நாள் தடை விதிப்போம் என்று எங்கள் சர்வதேச சம்மேளனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. தேசியச் சங்கத்தில் கேட்டால், மேலிடத்து உத்தரவு என்று கைவிரிக்கிறார்கள். சம்மேளனத்துக்கு இந்த அதிகாரம் உண்டா?

பதில்: இந்த மிரட்டலைக் கேட்டு நீங்கள் பயந்தது இயல்புதான். ஆனால் சர்வதேச சம்மேளனம் ஒரு அரசாங்கம் கிடையாது. அவற்றில் பல, சுவிட்சர்லாந்துச் சட்டப்படி அமைந்த தனியார் சங்கங்கள். உங்கள் மேல் அதற்குள்ள பிடி நீங்கள் போட்ட கையெழுத்தில்தான் இருக்கிறது. வீரர் உரிமம் வாங்கும்போதோ நுழைவுப் படிவம் நிரப்பும்போதோ, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், "சம்மேளன விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன், தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பாயத்துக்கே போவேன்" (அதாவது வழக்கமான நீதிமன்றத்துக்குப் போக மாட்டேன்) என்கிற மாதிரி ஒரு வரி இருந்திருக்கும். அந்தப் படிவத்தை முதலில் தேடி எடுங்கள்.

ஆட்ட விதிகள், ஊக்கமருந்துச் சோதனை, போட்டி அட்டவணை ஆகியவை சம்மேளனத்தின் நியாயமான வேலை. நாட்டுக்கொரு விதி வைத்து ஆட முடியாதே. இவற்றில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை.

உங்கள் சிக்கல் வேறு வகை. போட்டி நடத்திச் சம்பாதிக்கும் அமைப்பே, தனக்குப் போட்டியாக வரும் அமைப்பாளருக்கு அனுமதி தருவதா வேண்டாமா என்றும் முடிவு செய்கிறது. சர்வதேச ஸ்கேட்டிங் சம்மேளனம் இதையேதான் செய்தது. துபாயில் நடக்கவிருந்த தனியார் பந்தயத்தில் கலந்துகொண்டால் வாழ்நாள் தடை வரலாம் என்ற நிலையில், நெதர்லாந்து வீரர்கள் மார்க் டூய்டெர்ட்டும் நீல்ஸ் கெர்ஸ்டோல்ட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். 2017இல் ஆணையம் அந்த விதிகள் ஒன்றியத்தின் வணிகப் போட்டிச் சட்டத்துக்கு (பலமுள்ள அமைப்பு மற்றவர்களைச் சந்தையிலிருந்து ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம்) விரோதம் என்றது. 2023 டிசம்பர் 21 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முன் அனுமதி கேட்பதே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அனுமதிக்கான நிபந்தனைகள் வெளிப்படையாகவும் பாரபட்சம் இல்லாமலும் இருக்க வேண்டும், தண்டனை குற்றத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பதே சாரம். ஆணையத்தின் முடிவுக்குப் பிறகே ஆறு வருடம் ஆனதையும் கவனியுங்கள். ஒரு வீரரின் நல்ல காலமே அவ்வளவுதான், எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இந்தத் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அங்கே உங்கள் நாட்டின் வணிகப் போட்டிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். சுவிஸ் சட்டத்திலும் சம்மேளனங்களின் அதிகாரத்துக்கு எல்லைக்கோடு உண்டு. பழைய கிளப்புக்குச் சுமார் 1.18 கோடி யூரோ இழப்பீடு கட்டாத கால்பந்து வீரர் மதுசலேமை, கட்டும்வரை ஆடவே விடாமல் தடை செய்ய ஃபிஃபா முடிவெடுத்தது. 2012இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொழிலே செய்யவிடாமல் ஒருவரைக் காலவரையின்றி முடக்குவது அளவுமீறியது என்றது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? எந்த விதியின்கீழ் தடை, அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி என்ன என்று சம்மேளனத்திடம் எழுத்தில் கேளுங்கள். போட்டி அமைப்பாளரையும் முறைப்படி அனுமதி கோரச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்தது எச்சரிக்கைதான், முடிவு இன்னும் வரவில்லை. முடிவு கைக்கு வந்தால் நாள் எண்ண ஆரம்பித்துவிடுங்கள். சம்மேளன விதியில் வேறு கெடு இல்லாவிட்டால், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 21 நாள்தான். தடையை நிறுத்திவைக்கும் மனுவையும் அதோடு போடலாம். அனுமதி பற்றிப் பதில் வரும்வரை, அமைப்பாளர் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.