பென்ஷனில் எம்எஸ்பி விடுபட்டதா? முன்னாள் படைவீரர் கேள்வி பதில்

பதில் சொல்பவர்: படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸில் ஓய்வூதியக் கோப்புகளைப் பார்த்து வந்த ஓய்வுபெற்ற சுபேதார்.

கேள்வி: 2017-இல் நாயக்காக ஓய்வு பெற்றேன். பென்ஷன் சீட்டில் மிலிட்டரி சர்வீஸ் பே (எம்எஸ்பி) என்ற வரியே இல்லை. வங்கியில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். யாரைக் கேட்பது ஐயா?

பதில்: தம்பி, அந்த வரி பென்ஷன் சீட்டில் யாருக்கும் இருக்காது. பணியில் இருக்கும்போது படைப் பணிக்காகத் தனியாக வரும் எம்எஸ்பி, ஓய்வூதியக் கணக்கில் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். அதனால் பிபிஓவை, அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணையை, எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 32,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஜவான்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) எம்எஸ்பி 5,200. மொத்தம் 37,500, அதில் பாதியான 18,750 தான் ஓய்வூதியம். பிபிஓவில் 16,150 என்று இருந்தால் எம்எஸ்பி விடுபட்டிருக்கிறது. மாதம் 2,600 போகிறது, அதற்குரிய அகவிலைப்படியும் போகிறது. கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் தொகை), கிராஜுவிட்டியிலும் குறைந்திருக்கும். இது நீங்கள் உழைத்துச் சம்பாதித்த பணம், விட்டுவிடாதீர்கள்.

பிபிஓவில் உள்ளதை வங்கியால் மாற்ற முடியாது. திருத்தம் உங்கள் ரெக்கார்டு ஆபீஸில்தான் தொடங்க வேண்டும். அவர்கள் சரிபார்த்து பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகமான பிசிடிஏவுக்கு அனுப்பினால் திருத்திய பிபிஓ வரும். மனுவில் 'எம்எஸ்பி வரவில்லை' என்று மொட்டையாக எழுதாமல், மேலே போட்ட மாதிரி கணக்கை எழுதி, கடைசி சம்பளச் சீட்டு, பிபிஓ, டிஸ்சார்ஜ் புக் நகல்களை இணையுங்கள்.

கேள்வி: நான் 1996-இல் வந்துவிட்டேன். எனக்கும் எம்எஸ்பி உண்டா?

பதில்: உண்டு. 1.1.2006 முதல் எம்எஸ்பி வந்தபோது பழைய பென்ஷன்தாரர்களின் திருத்திய ஓய்வூதியத்திலும் அதைச் சேர்த்தார்கள். உங்கள் ரேங்க், குரூப், சர்வீஸ் வருடத்துக்கான ஓஆர்ஓபி (ஒரே ரேங்குக்கு ஒரே ஓய்வூதியம்) அட்டவணைத் தொகை வருகிறது என்றால் எதுவும் விடுபடவில்லை.

கேள்வி: மனு கொடுத்து ஒரு வருடம் ஆகிறது சார். பதிலே இல்லை.

பதில்: பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுங்கள். மனு எந்தத் தேதியில் வந்தது, இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ராணுவ ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷிலும் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள். மனுவுக்கு ஆறு மாதம் பதில் இல்லை என்றாலே சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே அடுத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்ற கெடுவும் உண்டு, உங்களுக்கு அது நெருங்கிவிட்டது. ஓய்வூதியக் குறைவு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால், தாமதமாகப் போனாலும் பொதுவாக வழக்கை ஏற்பார்கள். அதே சமயம் நிலுவை, 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பெரும்பாலும் வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: கணவர் மனு போட்டிருந்தார், அதற்குள் தவறிவிட்டார். இனி எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் அம்மா. அவர் உயிரோடு இருந்த நாள்வரை சேர வேண்டிய நிலுவை நாமினிக்கு அல்லது வாரிசுக்கு வரும். சாதாரண குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளக் கணக்கில் 30 சதவீதம் என்பதால் உங்கள் தொகையும் உயர வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் கேளுங்கள். அவருடைய பழைய மனுவின் நகலோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் எழுத உதவுவார்கள்.