வாசகர் கேள்வி – பதில்: பயணத்துக்கு எந்தக் கமரா?

கேள்வி: மாமா விட்டுச் சென்ற பழைய பிலிம் கமரா ஒன்றும், அண்ணா வாங்கித் தந்த டிஜிற்றல் கமரா ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய், அப்படியே முல்லைத்தீவுக் கடற்கரை, ஒட்டுசுட்டான், இரணைமடு என்று சுற்றிவர எண்ணியிருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் போவதால் ஒன்றைத்தான் கொண்டு போகலாம். பிலிம் படத்துக்குத்தான் உயிர் அதிகம் என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுத்துச் செல்வது?
– வாசகி ஒருவர், மாங்குளம்

பதில்: டிஜிற்றல் கமராவையே எடுத்துச் செல்லுங்கள். உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது; நல்ல பிலிமில் மனிதத் தோலின் நிறம் விழும் அழகு எனக்கும் மிகவும் பிடித்தமானது. ஆனால் பயணத்துக்குக் கமராவைத் தெரிவு செய்யும்போது, படம் எடுக்கும் கணத்தை மட்டுமன்றி, அந்தப் படம் கழுவப்பட்டு, அச்சாகி, படத்தில் இருப்பவரின் கைக்குப் போய்ச் சேரும் வழி முழுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வன்னியில் அந்த வழி பிலிமுக்கு மிகவும் கடினமானது.

நீங்கள் போகவிருக்கும் இடங்களின் வெளிச்சத்தையே எடுத்துக்கொள்வோம். நண்பகலில் முல்லைத்தீவு வெண்மணலில் கண் கூசும். வற்றாப்பளையிலோ பொங்கலின் முக்கியமான பொழுது இரவு. கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபுள்ள அந்தக் கோயிலின் வீதியில் பிளாஷ் அடித்தால், விளக்கொளியின் மஞ்சள் முழுவதும் வெளிறிப் போவதுடன் கும்பிட வந்தவர்களுக்கும் இடைஞ்சலாக இருக்கும். பிளாஷ் இல்லாமல், லென்ஸின் ஒளித் துவாரத்தை எஃப் 2 அளவுக்கு அகலத் திறந்தும், ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறனின் அளவு) 400 பிலிமுக்கு 1/30 செக்கன் தேவைப்படும் ஓரிடத்தை நினைத்துப் பாருங்கள். காவடி ஆடுபவரை அந்த வேகத்தில் எடுத்தால் முகம் கலங்கிவிடும். டிஜிற்றலில் அதே இடத்தில் ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக உயர்த்தினால் 1/250 செக்கன் கிடைக்கிறது; முகமும் தெரியும், வியர்வையும் தெரியும். அடுத்த நாட் காலை கடற்கரையில் அதை 100க்கு இறக்கிக்கொள்ளலாம். பிலிமைப் போட்டுவிட்டாலோ 36 படங்களும் ஒரே ஐ.எஸ்.ஓ.வுக்குக் கட்டுப்பட்டுவிடும்.

நண்பகல் வெயிலில் மட்டும் வண்ண நெகற்றிவ் பிலிமின் கை ஓங்கியிருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. ஒளி சற்றுக் கூடுதலாக விழுந்தாலும் அது மணலின் வெண்மையையும் வேட்டியின் மடிப்பையும் காத்துத் தரும். டிஜிற்றலில் அளவுக்கு மிஞ்சி வெளுத்த இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஆகவே சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் றோ (RAW) வடிவத்தில் பதிவு செய்யுங்கள். வெயிலில் எடுக்கும்போது ஒளியளவைச் சற்றுக் குறைத்தே வையுங்கள். இருண்டுபோன இடங்களைப் பின்னர் பெருமளவுக்கு வெளிச்சமாக்கலாம்.

வெயிலைவிட வெப்பம் பிலிமுக்குப் பெரிய எதிரி. நீண்ட காலம் வைத்திருக்கும் பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து வெளியே எடுத்த உடனே பிலிம் குப்பியைத் திறந்தால் உள்ளே நீர் வியர்த்துவிடும், ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் திறக்க வேண்டும். அப்படிப் பேண வேண்டிய பொருளை வைகாசி வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் நாட்கணக்கில் அடைத்து வைத்தால் நிறம் மாறிப் போவதற்கு இடமுண்டு. வெளிநாட்டு உறவினர் மூலம் பிலிம் எடுப்பிப்பதானால், விமான நிலையங்களின் புதிய சி.ரி. (CT) எக்ஸ்ரே சோதனைக் கருவிகள் பிலிமைக் கெடுக்கும் என்பதால், கையால் சோதிக்கும்படி கேட்டு வாங்குமாறு சொல்லுங்கள்.

கிறவல் வீதிப் புழுதி இரண்டுக்கும் பகைதான், ஆனால் வேறு விதமாக. டிஜிற்றல் கமராவின் சென்சரில் ஒட்டிய தூசு, துடைக்கும் வரை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளியாக வரும். பிலிம் கமராவுக்குள் ஒரு மணற்பரல் புகுந்தால் றோல் நெடுக ஒரு கீறல் விழும். லென்ஸை வீதியோரத்தில் நின்று மாற்றாதீர்கள்.

எடுத்த பிறகு என்ன செய்வது என்பதே பெரிய கேள்வி. வண்ண நெகற்றிவ் பிலிமைக் கழுவும் சி-41 என்ற முறையில், படத்தைத் தோன்றச் செய்யும் டெவலப்பர் கரைசல் 37.8 பாகை செல்சியஸில் இம்மியும் பிசகாமல் இருக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யும் ஆய்வுகூடத்தைப் புறப்படுமுன் தேடி வைக்காமல் றோலைச் சுற்றத் தொடங்குவது வீண். டிஜிற்றலில், அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இடம்பெயர்வுகளில் வன்னி வீடுகள் இழந்தவற்றுள் கலியாண அல்பங்களும், பிள்ளைகளின் முதற் பிறந்தநாள் படங்களும் உண்டு. அல்பமும் நெகற்றிவும் ஒரே அலுமாரியில் இருந்த வீடுகளில் இரண்டும் சேர்ந்தே போயின. ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் மற்றதை வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். நல்ல படங்களைக் கட்டாயம் அச்சிடுங்கள். ஒரு மூதாட்டியைப் படம் எடுத்தால், ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுங்கள்.

மாமாவின் கமராவை அலுமாரியில் பூட்டி வைக்கவும் வேண்டாம். ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். கறுப்பு வெள்ளை பிலிம் ஒன்றைப் போட்டு மாங்குளத்திலேயே எடுத்துப் பழகுங்கள். அதை வீட்டிலேயே கழுவலாம். வழக்கமாகச் சொல்லப்படும் 20 பாகைக்கு நமது கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவர, ஐஸ் கட்டிகளைப் பொலித்தீன் பையில் கட்டிப் பாத்திரத்தைச் சுற்றி வைத்தால் போதும்.

கேள்வி: அப்பாவின் பழைய கமராவுக்குள் பாதி எடுத்த பிலிம் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் படம் மிஞ்சியிருக்குமா?
– வாசகர் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: மிஞ்சியிருக்கக்கூடும், பின்மூடியை மட்டும் திறந்து பார்த்துவிடாதீர்கள். அடியிலுள்ள பொத்தானை அமர்த்திக்கொண்டு, சுற்றும் பிடி தளரும் வரை பிலிமைத் திரும்பக் குப்பிக்குள் சுற்றுங்கள். அதன் பிறகே திறக்க வேண்டும். குப்பியில் சி-41 என்று இருந்தால் அது வண்ண நெகற்றிவ்; ஆயினும் இத்தனை காலத்துக்குப் பின் நிறங்கள் பெரும்பாலும் கெட்டிருக்கும் என்பதால், அதைக் கறுப்பு வெள்ளை முறையில் கழுவித் தரும்படி கேட்பதே நல்லது. கொடக்குறோம் (கொடாக் நிறுவனத்தின் பழைய வண்ண ஸ்லைட் பிலிம்) என்று இருந்தால், அதை நிறத்தில் கழுவும் முறை 2010 இறுதியோடு நின்றுவிட்டது; அதற்கும் கறுப்பு வெள்ளைதான் வழி. கடைக்காரரிடம் பிலிமின் வயதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் அதற்கேற்ப நேரத்தை மாற்றிக்கொள்வார். படம் மங்கலாக வந்தாலும் நெகற்றிவை எறிந்துவிடாமல் ஸ்கான் செய்து வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத முகம் ஸ்கானில் தெளிவாவது உண்டு.