ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கரைப்பானே இல்லாமல், உலர்ந்த பொடியை அழுத்தித் தடிமனான மின்முனை செய்து துத்தநாக-அயோடின் பேட்டரி தயாரிப்பதாக ஒரு செய்தி படித்தேன். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாமாம், தீப்பிடிக்காதாம், சுற்றுச்சூழலுக்கும் நல்லதாம். லித்தியத்தின் காலம் முடிந்ததா? வீட்டு இன்வர்ட்டருக்கு இப்போது பேட்டரி வாங்கலாமா, காத்திருக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

இன்வர்ட்டருக்கு இப்போதே வாங்கிவிடுங்கள். லித்தியத்தின் காலம் முடியவில்லை. துத்தநாகமும் அயோடினும் சேர்ந்து தருவது 1.3 வோல்ட் அளவுதான். உங்கள் கைபேசிக்குள் அது வரப்போவதில்லை. உள்ளே இருப்பது நீர்க்கரைசல் என்பதால் தீப்பிடிக்காது, அது சரி. ஓரிடத்தில் நிறுத்திவைத்துச் சூரிய மின்சாரத்தைச் சேமிக்க நல்ல ஜோடி. சுற்றுச்சூழல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உலர்முறையில் பொடியைப் பிடித்துவைக்கும் பசை பெரும்பாலும் டெஃப்ளான். அந்தக் குடும்பத்து ஃப்ளோரின் சேர்மங்களையே கட்டுப்படுத்தவேண்டும் என்று 2023-ல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்மொழிந்திருக்கின்றன.

‘தடிமனான மின்முனை’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். செய்தியின் உயிரே அங்குதான் இருக்கிறது. கொஞ்ச நாளாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆயிரக்கணக்கான முறை என்றதும் மயங்கிவிட்டீர்களே, வேதியியல் மாணவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? ஒரு கிராம் அயோடின் 211 மில்லி ஆம்பியர்-மணி (சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) தரும். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு மில்லிகிராம் பூசினால் கிடைப்பது 0.2 மில்லி ஆம்பியர்-மணி. எதிரே 100 மைக்ரான் துத்தநாகத் தகடு வைத்தால், அதே பரப்பில் அதனிடம் இருப்பது 58. அதாவது தேவையைப்போல 270 மடங்குக்கு மேல்! துத்தநாகம் அரிபட்டாலும், முள்முள்ளாக வளர்ந்தாலும், ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பி வீணானாலும் குறை வெளியே தெரியவே தெரியாது. அப்படி ஓட்டிக் காட்டும் ஆயிரத்தில் பெருமைப்பட என்ன இருக்கிறது? லித்தியம் பேட்டரிகளில் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று, நான்கு மில்லி ஆம்பியர்-மணி சாதாரணம். நான்கை எட்ட 19 மில்லிகிராம் அயோடின் வேண்டும். அதைத் தாங்கும் கரியையும் சேர்த்தால் இரட்டிப்பாகிவிடும்.

அவ்வளவையும் வழக்கமான முறையில் குழம்பாகக் கரைத்துப் பூசிப் பாருங்கள். காயும்போது கரைப்பான் மேலே ஏறும், பசையையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். மேல்பரப்பில் பசை சேர்ந்துவிடும், அடியில் பிடிப்பு இருக்காது, பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். அயோடினுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சூடுபட்டால் ஊதா ஆவியாகக் கிளம்பிவிடும். 1811-ல் பிரான்ஸில் பெர்னார்ட் கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலில் அதைக் கண்டுபிடித்ததே அந்த ஆவியைப் பார்த்துத்தான். அடுப்பில் காயவைக்கும் முறை இதற்கு எப்படி ஒத்துவரும்?

உலர்முறையில் அயோடின் ஏற்றிய கரித்தூளோடு டெஃப்ளான் தூளைச் சேர்த்து நன்றாகப் பிசைகிறார்கள். பரோட்டா மாவு அடிக்க அடிக்க இழைபிடிப்பதுபோல டெஃப்ளான் நூல்நூலாக இழுபட்டுப் பொடியைக் கட்டிக்கொள்கிறது. அப்புறம் உருளைகளுக்கிடையே விட்டால் தாளாக வந்துவிடும். காய்வதற்கு எதுவும் இல்லை, அதனால் வெடிப்பும் இல்லை.

புதுமை என்று இதைக் கொண்டாடும்போது எனக்கு டார்ச் லைட் பேட்டரிக்கட்டைதான் கண்முன் வருகிறது. சிறுவயதில் அதை உடைத்துக் கரிக்குச்சியை உருவாதவர் யார்? குச்சியைச் சுற்றி இருக்கும் கறுப்பு மாங்கனீசு டை ஆக்சைடு கலவை, பெரிய கட்டையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமன். பூசியதல்ல, அழுத்தி அடைத்தது. வெளிக்கூடு துத்தநாகம். மெல்லிய பூச்சு அப்புறம்தான் வந்தது. 1991-ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காசெட் நாடாவில் பூச்சுப்போட்ட அனுபவம்தான் கைகொடுத்தது.

என் தாத்தா ராத்திரியில் மடை பார்க்கப் போவார். டார்ச் மங்கினால் கட்டைகளைக் கழற்றி மறுநாள் மொட்டைமாடியில் வெயிலில் வைக்கச் சொல்வார். நான்தான் காவல். சாயங்காலம் போட்டுப் பார்த்தால் மறுபடி எரியும், அவர் முகமும் மலரும். எனக்குக் கிடைத்த முதல் மின்வேதியியல் பாடம் அதுதான். தடித்த கலவைக்குள் அயனிகள் நகர நேரம் பிடிக்கும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். வேகமாக மின்சாரம் இழுத்தால் அவை பின்தங்கிவிடும், மின்னழுத்தம் விழும். ஓய்வு கொடுத்தால் சமனாகும். வெயிலின் சூடு அதை விரைவுபடுத்தும்.

புது மின்முனைக்கும் விதி அதேதான். தடிமனாகச் செய்துவிட்டோம் என்பது பாதி வேலை. சார்ஜ் ஏறும்போது உருவாகும் டிரைஅயோடைடு (மூன்று அயோடின் அணுக்கள் சேர்ந்த அயனி) நீரில் கரையும். துத்தநாகம்வரை போய் அதை அரிக்கும், சேமித்த மின்சாரமும் போய்விடும். அயோடின் கூடக்கூட இந்தக் கசிவும் கூடும். கரியின் நுண்துளைகள் அதைப் பிடித்துவைக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

செய்தியை மட்டும் படித்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள். மூல ஆய்வுக்கட்டுரையைத் தேடி எடுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் அயோடின், எவ்வளவு துத்தநாகம், முழுதாகச் சார்ஜ் செய்து சும்மா வைத்தால் மறுநாள் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மூன்றையும் குறித்து அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் போடலாம்.