ஓரியனின் நடுவே வெள்ளைத் திட்டு: லேயர் கேள்விகளும் பதில்களும்

கே: ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தை 2 நிமிட எக்ஸ்போஷரில் பல படங்களாக எடுத்து ஸ்டாக் செய்தேன், அதாவது ஒன்றாகச் சேர்த்தேன். ஓரங்கள் அருமை, நடுவில் மட்டும் வெள்ளைத் திட்டு. கர்வ்ஸில் (ஒளி அளவை மாற்றும் கருவி) எவ்வளவு இறக்கினாலும் சாம்பல்தான் ஆகிறது.

ப: ஆகத்தான் செய்யும். அங்கே பிக்சல்கள் ஒளியால் நிரம்பிவிட்டன. பதிவாகாத விவரத்தை எந்த கர்வும் கொண்டுவராது. 5, 10 விநாடியில் முப்பது ஃபிரேம் எடுத்துத் தனியாக ஸ்டாக் செய்யுங்கள். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி, பழைய படத்தின் மேல் லேயராக (மேலடுக்காக) வையுங்கள். அப்புறம் அதற்கு ஒரு மாஸ்க். மாஸ்க்கில் கருப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். ஆகவே கீழ்ப் படத்தின் கருப்பு-வெள்ளை நகலையே அதில் ஒட்டிவிட்டால், வெளுத்துப்போன இடத்தில் மட்டும் மேல் லேயர் தெரியும். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது நடுப்பகுதி தட்டையாக, வெட்டி ஒட்டியது போல இருக்கும். மாஸ்க்கைக் காஸியன் பிளரில் 20, 30 பிக்சல் மழுங்கடியுங்கள். எல்லை எங்கே என்று உங்களுக்கே தெரியாத வரை ஏற்றலாம். நெபுலாவின் நடுவிலுள்ள ட்ரபீசியம் கூட்டத்தின் நான்கு நட்சத்திரங்களும் பிரிந்து தெரிகின்றனவா? சரி, போதும்.

கே: அண்ணா, ஜேபெக்கிலேயே செய்யலாமா?

ப: வேண்டாம். ஜேபெக் 8 பிட்; அதில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். மங்கலான நெபுலா அடியிலுள்ள சில படிகளுக்குள் அடங்கிவிடும். ஒளியை ஏற்ற இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும். 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். கிம்ப் மென்பொருள் என்றால் 2.10 அல்லது அதற்குப் பிந்தையது.

கே: ஸ்டார்நெட் மென்பொருளில் நட்சத்திரங்களைப் பிரித்தேன். அந்த லேயரை மேலே வைத்தால் நெபுலாவே காணோம்!

ப: நார்மல் மோடில் வைத்திருப்பீர்கள். ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள், கருப்பு மறைந்து ஒளி மட்டும் சேரும். ஒப்பாசிட்டியை (லேயரின் அடர்த்தியை) 70, 80 சதவீதத்துக்கு இறக்குவது என் பழக்கம். நட்சத்திரங்கள் கொஞ்சம் அடங்கினால்தான் நெபுலா பேசும்.

கே: பின்னணி எவ்வளவு கருப்பாக இருக்கலாம்?

ப: என் முதல் படத்தில் வானம் தார் பூசியது போல இருந்தது. அதைப் பெருமையாக வேறு காட்டினேன்! ஹிஸ்டோகிராம் (ஒளி அளவுகளின் வரைபடம்) இடது சுவரில் முட்டாமல், பின்னணியை 255க்கு 25 அளவில் நிறுத்துங்கள். மெல்லிய தூசுமேகங்கள் அங்கேதான் இருக்கின்றன.

கே: வானம் பச்சையாக வருகிறதே?

ப: கலர் சென்சாரில் நான்கு பிக்சலில் இரண்டு பச்சை. சிரில் மென்பொருளில் பச்சை இரைச்சல் நீக்கம் இருக்கிறது. லேயர்களைத் தொடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.