ஆறாவது கட்டம்

வணக்கம் சார்,

நானும் ஃப்ரெண்ட்ஸும் இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட்ல அவங்கவங்களுக்குப் பிடிச்ச மொமெண்ட்னு லிஸ்ட் போட்டுட்டு இருந்தோம். என்னோடதுல முதல் இடம் 2021 பிரிஸ்பேன் கபா கிரவுண்டு, ரிஷப் பந்த் 89 நாட் அவுட். ரெண்டாவது 2001 கொல்கத்தா, லக்ஷ்மண் 281. அப்புறம் அடிலெய்ட் 2003, பெர்த் 2008, மொஹாலி 2010னு போகும். ஒருத்தன் மட்டும் ரெண்டு டீமும் ஒரே ரன்ல முடிச்ச 1986 சேப்பாக்கம் டை மேட்சை சேத்தான். அது நாங்கல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி, அதுவுமில்லாம ரவி சாஸ்திரி பயந்துபோய் சிங்கிள் ஓடி ஜெயிக்க வேண்டிய மேட்சைக் கோட்டை விட்டது, அதை எப்படிடா ஃபேவரிட்னு சொல்றேன்னு சண்டை போட்டேன். சிட்னி 2021 டிராவையும் அதே காரணத்துக்காகத்தான் எடுக்கல. புஜாரா தடவலும் வேணாம்னுட்டேன். நீங்க சொல்லுங்க சார், கபாவா கொல்கத்தாவா? சச்சினா கோலியா? 2008 சிட்னில ஹர்பஜன் சைமண்ட்ஸைக் குரங்குன்னு சொன்னதா கிளம்பின விவகாரத்துல தப்பு யார் மேல?

அன்புள்ள தம்பிக்கு,

கொல்கத்தா. போதுமா? ஃபாலோ ஆன் வாங்கி 274 ரன் பின்னாடி நின்னுட்டு, லக்ஷ்மணும் டிராவிட்டும் நாலாவது நாள் முழுக்க ஒரு விக்கெட் விழாம ஆடினதை லைவா பாத்த யாருக்கும் வேற பதில் வராது. சச்சினா கோலியாவுக்கு நான் வரல. குரங்கு விவகாரம் விசாரணை, அப்பீல்னு போய் அப்பவே முடிஞ்சுது, அதைக் கிளறி என்ன ஆகப்போகுது, விடுங்க.

நான் பதில் எழுத உக்காந்தது அந்த சாஸ்திரி வரிக்காக. போன வாரம்தான் அண்ணன் வீட்டுல ஏதோ பத்திரம் தேடறப்போ பீரோவுல, ரேஷன் கார்டு வச்சிருக்கிற அதே தட்டுல, அந்த நோட்டைப் பாத்தேன். மனசுல அதே ஓடிட்டு இருந்துச்சு, உங்க கடிதம் வந்து நிக்குது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு. 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. எனக்குக் காலாண்டு பரீட்சை, அண்ணன் காலேஜ். நான் பரீட்சை எழுதிட்டு வந்தப்போ அவன் ரேடியோ முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து தமிழ் வர்ணனையைக் கேட்டு ஸ்கோர் எழுதிட்டு இருக்கான், காலேஜ் போனானான்னு கேக்க எனக்கு தைரியமில்ல. ஓவருக்கு ஆறு கட்டம். ரன்னுன்னா நீல இங்க், விக்கெட்டுன்னா சிவப்பு. ஆஸ்திரேலியா கேப்டன் பார்டர் காலையிலேயே டிக்ளேர் பண்ணிட்டார், நமக்கு ஜெயிக்க 348, கையில 87 ஓவர். கவாஸ்கர் 90, அமர்நாத் 51னு நீல இங்க்கா ஓடிட்டு இருந்த பக்கம், கடைசி ஒரு மணி நேரத்துல சிவப்பாகிட்டே வருது. சிவ்லால் யாதவ் பிரைட் பந்துல போல்டு ஆனதும் ஒரே ஒரு விக்கெட் மிச்சம், மணிந்தர் சிங் உள்ள வராரு. கடைசி ஓவருக்கு நாலு ரன் வேணும், ஆடறது சாஸ்திரி. கிரெக் மேத்யூஸ் போடறார், சென்னை வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நாள் பூரா போட்ட மனுஷன்.

அண்ணன் நோட்டுல அந்த வரி இப்படித்தான் இருக்கும். முதல் கட்டத்துல புள்ளி. அடுத்ததுல 2. மூணாவதுல 1. நாலாவதுல புள்ளி. அஞ்சாவதுல சிவப்புல ஒரு W, அழுத்தி எழுதினதுல நிப்பு பேப்பரைக் கிழிச்சு அடுத்த பக்கத்துலயும் தெரியும். ஆறாவது கட்டம் காலி. மேத்யூஸ் பந்துவீச்சுக் கணக்கை எங்க எடுத்துப் பாத்தாலும் 39.5 ஓவர்னுதான் இருக்கும், அந்த புள்ளி அஞ்சுக்கு அப்புறம் போடாத ஒரு பால்தான் இந்தக் காலிக் கட்டம்.

இப்ப அந்த மூணாவது பாலுக்கு வாங்க. சாஸ்திரி பயந்தார்ங்கறீங்க. கூட்டல் கழித்தல் போட்டுப் பாத்தீங்களா இல்லையா? நாலு பால் இருக்கு, ரெண்டு ரன் வேணும், ஸ்கோர் 346. சாஸ்திரி தூக்கி அடிச்சு பவுண்டரிகிட்ட கேட்ச் ஆனா ஒரு ரன்ல தோத்தோம், கதை முடிஞ்சுது. சிங்கிள் ஓடினா 347, ஸ்கோர் சமம். அந்த நொடியிலேருந்து அந்த மேட்ச்ல இந்தியா தோக்க வழியே இல்ல. போல்டு ஆனாலும் சரி ரன் அவுட் ஆனாலும் சரி, தோல்வி கிடையாது. அஞ்சு நாள் ஆஸ்திரேலியாக்காரன் பாடுபட்டது, 574 அடிச்சது, எல்லாத்துக்கும் ஜெயிக்கற கதவை அந்த ஒரு சிங்கிள் சாத்திடுச்சு. அதுவும் போக மணிந்தருக்கு மூணு பால் இருக்கு, ஒரு பை, ஒரு லெக் பை, ஒரு எட்ஜ் போதும் ஜெயிக்க. பயந்தவன் செய்யறது இல்ல இது, கடைசி ஓவர்ல நெஞ்சு அடிச்சுக்கிறப்போ கணக்கு மறக்காதவன் செய்யறது. ஓடினா ஸ்ட்ரைக் போயி அடுத்த பாலை மணிந்தர்தான் ஆடணும்னு அவருக்குத் தெரியாதா, பதினோராவது ஆள் எதிர்ல நிக்கறது அவர் கண்ணுக்குத் தெரியலையா? இதையேதான் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல எங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். அவனும் உங்க கட்சி. தீபாவளிக்கு தீபாவளி, கல்யாண வீட்டுல, காரியத்து வீட்டுல கூட, “அவன் ஓடாம இருந்திருந்தா”ன்னு ஆரம்பிப்பான். நான் கணக்கு சொல்லுவேன், அவன் கேக்கமாட்டான்.

நாலாவது பாலை மணிந்தர் தடுத்துட்டார். அஞ்சாவது கால்ல பட்டுது, அம்பயர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கிட்டார். பேட்ல பட்டுதுன்னு மணிந்தர் இன்னிக்கு வரைக்கும் சொல்றார், நான் குடுத்தது சரிதான்னு விக்ரம்ராஜுவும் மாறவே இல்ல. ரிவ்யூ கிடையாது, திருப்பிப் பாக்க ஒண்ணும் கிடையாது. அந்த மனுஷன் அதுக்கப்புறம் ஒரு டெஸ்ட்ல கூட நிக்கல. சொந்த ஊர்க்காரங்க ஜெயிக்க ஒரே ஒரு ரன் பாக்கி, ஸ்டேடியமே கத்துது, அப்பவும் தனக்கு அவுட்னு பட்டதுக்கு விரலைத் தூக்க எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு நான் நிறைய நாள் யோசிச்சிருக்கேன். டெஸ்ட் வரலாற்றுல ரெண்டே ரெண்டு டை. 1960ல பிரிஸ்பேன்ல ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீஸும் ஆடினது ஒண்ணு, இது இன்னொண்ணு. பொறக்கறதுக்கு முன்னாடின்னு அதை ஒதுக்கித் தள்ளறீங்க.

இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. உங்க லிஸ்ட்ல எழுதின அத்தனையும் நாம ஜெயிச்ச மேட்ச், அத்தனையும் நம்ம ஆளுங்க. எதிர்ல ஆடினவன் ஒருத்தன் பேரு கூட இல்லையே தம்பி, அப்புறம் எவன்கிட்ட ஜெயிச்சீங்க? அதே சேப்பாக்கத்துல டீன் ஜோன்ஸ்னு ஒருத்தர், அவருக்கு அது மூணாவது டெஸ்ட், எட்டு மணி நேரத்துக்கு மேல நின்னு 210 அடிச்சார். வெயில்ல உடம்புல இருந்த தண்ணியெல்லாம் வத்தி, பிட்ச் ஓரமா வாந்தி எடுத்து எடுத்து ஆடினார். முடியல, போறேன்னு சொன்னப்போ எதிர் முனையில இருந்த கேப்டன் பார்டர், சரி போ, எங்க குயின்ஸ்லாந்து மாநிலத்துலேருந்து ஒரு தெம்பான ஆளை அனுப்பச் சொல்றேன்னார். ஜோன்ஸ் விக்டோரியாக்காரர், அந்த ரோஷத்துலயே நின்னார். அவுட்டாகி வந்ததும் நேரா ஆஸ்பத்திரி, சலைன். 2020 செப்டம்பர் 24ல மும்பைல அவர் செத்துப்போனார்னு நியூஸ் வந்தப்போ, டை மேட்ச் நாள் கழிஞ்சு ரெண்டே நாள் ஆகியிருந்துச்சு, எங்க வீட்டு ஆளு ஒருத்தர் போன மாதிரிதான் அன்னிக்கு இருந்துது எனக்கு.

புஜாராவைத் தடவல்னு எழுதியிருக்கீங்க. கபால கடைசி நாள் 211 பால்ல 56, உடம்பு பூரா அடி. விரல்ல, தோள்ல, ஹெல்மெட்ல. அவர் அந்த அடியெல்லாம் வாங்கி ஆஸ்திரேலியாக்காரன் பந்தைப் பழசாக்கலேன்னா ரிஷப் பந்த் அடிக்க பந்து ஏது? சேலம் பக்கத்து சின்னப்பம்பட்டிலேருந்து நெட் பவுலரா போன நடராஜன் அந்த மேட்ச்ல லபுஷேனை 108ல தூக்கினதும் உங்க கண்ணுல படல. சரி, அது இருக்கட்டும்.

சிட்னிக்கு வரேன். 2021 ஜனவரி 11. 407 வேணும்னு ஆரம்பிச்சோம், பந்த் 97ல போனார், புஜாரா 77ல போனார், இனிமே ஜெயிக்க முடியாது. விஹாரிக்குத் தொடை நரம்பு புடிச்சுக்கிச்சு, ஓட முடியல. அஷ்வினுக்கு முதுகுவலி, காலையில குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியல. உள்ள ஜடேஜா விரல் மூட்டு விலகின கையோட பேடு கட்டி உக்காந்திருக்கார். இவங்க ரெண்டு பேரும் 40 ஓவருக்கு மேல டொக்கு போட்டாங்க, விஹாரி 161 பால்ல 23, அஷ்வின் 128 பால்ல 39. ஸ்டம்ப் மைக்ல அஷ்வின் தமிழ்ல பேசிப் பேசி விஹாரியை நிக்க வச்சதைக் கேட்டீங்களா இல்லையா? 334க்கு அஞ்சு, டிரா. இதைத்தான் பயம்னு தள்ளினீங்க. அங்க தோத்திருந்தா சீரீஸ் அவங்களுக்கு 2க்கு 1 ஆகியிருக்கும், கபா ஜெயிச்சாலும் சமன்தான் மிஞ்சும், உங்க முதல் இடமே கிடையாது.

அன்னிக்கு அண்ணன் ஊர்ல, நான் இங்க. கடைசி செஷன் பூரா ரெண்டு பேரும் போனை ஆன்லயே வச்சிருந்தோம், பேசல. அவன் மூச்சு விடறது கேக்கும், பாலை அஷ்வின் தடுத்தா ஒரு “ம்” கேக்கும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியா கீப்பர் பெய்ன் விஹாரி கேட்சை விட்டப்போ மட்டும் அண்ணி உள்ளேருந்து என்னாச்சுன்னு கேட்டது காதுல விழுந்துச்சு, அவன் பதில் சொல்லல. கை குலுக்கிட்டாங்க, முடிஞ்சுது. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணன் தொண்டையைச் செருமிட்டு, “எப்படி நின்னானுங்கடா பாத்தியா, தோக்க மாட்டேன்னு நின்னானுங்க பாரு”ன்னான். குரல் உடைஞ்சிருந்துச்சு.

இதை விட்டா சமயம் கிடைக்காதுன்னு நானும் கேட்டேன், “அப்போ சாஸ்திரி?”

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு ஸ்க்ரீனைப் பாத்தேன்.

“அது வேற. அவன் ஓடியிருக்கக் கூடாது”ன்னு போனை வச்சுட்டான்.