வேலூரில் வெயில் தொடர்ந்து எத்தனை நாள் சதம் அடித்தது என்பதை எக்செல் அட்டவணையிலிருந்து எண்ணுவது எப்படி?

கேள்வி கேட்டவரிடம் தேதி ஒரு நெடுவரிசையிலும் அன்றைய அதிகபட்ச வெப்பநிலை அடுத்ததிலும் இருக்கின்றன. சதம் அடித்த நாட்களின் மொத்தம் அவருக்குக் கிடைத்துவிட்டது. விடாமல் நீடித்த தொடர்கள் எத்தனை, அவற்றில் மிக நீளமானது எது என்பதுதான் வேண்டும்.

முதலில் எல்லையை முடிவு செய்யுங்கள். நம் பத்திரிகைகளில் 'சதம்' என்றால் 100 டிகிரி பாரன்ஹீட், அதாவது செல்சியஸில் 37.8. ஒரு தசம இடத்தோடு பதிவான அட்டவணையில் 37.7 சதம் ஆகாது, 37.8 ஆகும். இந்த 37.8-ஐச் சூத்திரத்துக்குள் எழுதாமல் எஃப்1 கட்டத்தில் போட்டு வையுங்கள். நாளைக்கு 40-க்கு எண்ண வேண்டுமானால் அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் போதும்.

ஏ-யில் தேதி, பி-யில் வெப்பநிலை, முதல் வரிசை தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். சி2-இல் இதைப் போட்டுக் கடைசி வரிசை வரை இழுத்துவிடுங்கள் (படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன், எக்செல்லில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்):

=இஃப்(அண்ட்(இஸ்நம்பர்(பி2), பி2>=$எஃப்$1), இஃப்(ஏ2-என்(ஏ1)=1, என்(சி1), 0)+1, 0)

இன்று சதம் என்றால் நேற்றைய எண்ணிக்கையோடு ஒன்று கூடும், இல்லையென்றால் பூஜ்யத்துக்குத் திரும்பும். 'என்' என்ற சார்பு, தலைப்பில் இருக்கும் எழுத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் வரிசைக்குத் தனிச் சூத்திரம் தேவையில்லை.

மாதிரிக்கு மே 1 முதல் 10 வரை இப்படி ஒரு பட்டியல் (கற்பனை எண்கள்தான்): 37.2, 38.4, 39.0, 38.6, 37.7, 37.9, ஏழாம் தேதி பதிவே இல்லை, 40.1, 39.5, 36.8. சி-யில் வருவது 0, 1, 2, 3, 0, 1, பிறகு எட்டாம் தேதிக்கு 1, ஒன்பதுக்கு 2, பத்துக்கு 0.

இந்த ஒரு நெடுவரிசை கையில் இருந்தால் மற்றதெல்லாம் கவுன்ட்இஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணும் சார்பு) வேலை. ஒவ்வொரு தொடரும் 1 என்ற எண்ணை ஒரே ஒரு முறைதான் கடக்கும். ஆகவே சி-யில் எத்தனை 1 இருக்கிறதோ அத்தனை தொடர்கள்: இங்கே மூன்று. அதே தர்க்கப்படி, சி-யில் எத்தனை 2 இருக்கிறதோ அத்தனை தொடர்கள் இரண்டு நாளாவது நீடித்தவை: இங்கே இரண்டு. சரியாக இரண்டே நாள் நீடித்தவை வேண்டுமா? 2-களின் எண்ணிக்கையிலிருந்து 3-களின் எண்ணிக்கையைக் கழியுங்கள்: 2-1, ஒன்று. மிக நீண்ட தொடர் மேக்ஸ்(சி2:சி400). அது முடிந்த தேதியை இன்டெக்ஸ், மேட்ச் இரண்டும் சேர்ந்து கொடுக்கும். அதிலிருந்து நீளத்தைக் கழித்து ஒன்று கூட்டினால் தொடங்கிய தேதி. ஒரே நீளத்தில் இரண்டு தொடர் இருந்தால் மேட்ச் முதலாவதை மட்டும்தான் காட்டும், கவனம்.

ஃப்ரீக்வென்சி சார்பை வைத்து ஒரே கட்டத்தில் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடிக்கும் சூத்திரமும் உண்டு. வேலை செய்யும். ஆனால் விடை தப்பாக வந்தால் எந்த வரிசையில் தப்பியது என்று பார்க்க வழியில்லை. சி போல ஒரு துணை நெடுவரிசை வைத்தால் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

தவறு பெரும்பாலும் தரவில்தான் ஒளிந்திருக்கும். எக்செல் ஒப்பிடும்போது எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது. பதிவில்லாத ஏழாம் தேதிக்கு யாராவது ஒரு கோடு '-' போட்டிருந்தால், அது 37.8-ஐத் தாண்டியதாகக் கணக்காகும். மேலே உள்ள பட்டியலில் இஸ்நம்பர் சோதனை இல்லாவிட்டால் 6, 7, 8, 9 நான்கும் ஒட்டிக்கொண்டு நான்கு நாள் தொடர் ஒன்று இல்லாத இடத்தில் முளைத்துவிடும். வெற்றுக் கட்டமோ நேர்மாறு: பூஜ்யமாகக் கருதப்பட்டுத் தொடரை அறுக்கும். ஏழாம் தேதியின் வரிசையே அட்டவணையில் இல்லையென்றால் ஆறும் எட்டும் அடுத்தடுத்த நாள் போலச் சேர்ந்துவிடும். தேதி வித்தியாசம் 1 தானா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

சி முழுக்க 0-உம் 1-உம் மட்டுமே வந்தாலோ, மதிப்புப் பிழை (#VALUE!) காட்டினாலோ தேதிகள் எழுத்தாக ஏறியிருக்கின்றன. நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்: 04/05 என்பது மே 4-க்குப் பதில் ஏப்ரல் 5 ஆகியிருக்கும். 12-ஆம் தேதி வரைதான் இந்தக் கூத்து. ஒரே தேதி இரண்டு முறை இருந்தாலும் தொடர் அறும், முதலில் நகல்களை நீக்கிவிடுங்கள். பி-யின் மேக்ஸ் 50-ஐத் தாண்டினால் பத்திரிகையிலிருந்து எடுத்த பாரன்ஹீட் எண்கள் கலந்துள்ளன. 95 பாரன்ஹீட் சதமே இல்லை, ஆனால் 37.8-ஐ எளிதாகத் தாண்டும்.

வேலூர், திருப்பத்தூர், திருத்தணி என்று பல நிலையங்கள் ஒரே தாளில் இருந்தால், நிலையம் பிறகு தேதி என்ற வரிசையில் அடுக்கி, தேதி சோதனையோடு டி2=டி1 என்பதையும் சேருங்கள். டி-யில் நிலையத்தின் பெயர்தான் இருக்க வேண்டும், மாவட்டத்தின் பெயர் வேண்டாம். வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. பழைய பதிவில் வேலூர் என்றும் புதிய பதிவில் ராணிப்பேட்டை என்றும் இருக்கும் ஒரே இடத்தின் தொடர், மாவட்டத்தை வைத்துப் பிரித்தால் நடுவில் முறியும். எழுத்துகூட்டலும் அப்படித்தான்: ராணிப்பேட்டையும் இராணிப்பேட்டையும் எக்செல்லுக்கு இரண்டு ஊர். 'பொன்னை' என்ற ஊர்ப் பெயரில் ஒகரத்தை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் தட்டலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒப்பிட்டால் பொருந்தாமல் போகலாம்.

கத்திரி வெயில் நாட்களை மட்டும் வெட்டி எடுத்து எண்ணாதீர்கள். மே 1-இல் தொடங்கிய தொடர் மே 4-இல் தொடங்கியதாகக் குறுகிவிடும். முழு ஆண்டிலும் சி-யைக் கணக்கிட்ட பிறகு வடிகட்டுங்கள். இன்னொன்று, சதத் தொடரை 'வெப்ப அலை' என்று எழுத வேண்டாம். வானிலை ஆய்வு மையத்தின் அளவுகோல் வேறு: சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, அதோடு இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதல் (45-ஐத் தொட்டால் இயல்பைப் பார்ப்பதில்லை).

இதே முறையில் ஆம்பூர் ஷூ கம்பெனி வருகைப் பதிவேட்டில் தொடர் விடுப்பும் எண்ணலாம். அங்கே ஞாயிறு தொடரை அறுக்கக் கூடாது. விடுமுறை நாட்களின் வரிசைகளை நீக்கிவிட்டு, தேதி வித்தியாசத்துக்குப் பதில் நெட்வொர்க்டேஸ்.ஐஎன்டிஎல்(ஏ1, ஏ2, 11)=2 என்று சோதியுங்கள். 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை, பண்டிகை நாட்களின் பட்டியலை நான்காவதாகக் கொடுக்கலாம். தலைப்பை ஒட்டிய முதல் வரிசையில் மட்டும் இது பிழை காட்டும், அங்கே 1 அல்லது 0-ஐக் கையால் போடுங்கள்.

தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் சதம் அடித்த நாட்களை மட்டும் எடுத்து, தேதி வாரியாக ரோ_நம்பர் (வரிசை எண்) கொடுத்து, தேதியிலிருந்து அதைக் கழியுங்கள். நம் மாதிரியில் 2, 3, 4, 6, 8, 9 தேதிகளுக்கு 1 முதல் 6 வரை எண் விழும். கழித்தால் 1, 1, 1, 2, 3, 3. ஒரே விடை வருபவை ஒரே தொடர், அதை வைத்துக் குழுவாக்கி எண்ணினால் முடிந்தது. பைத்தான் மொழியின் பாண்டாஸ் நிரலகத்தில் முதலில் சதமா இல்லையா என்று உண்மை-பொய் நெடுவரிசையாக மாற்றிவிட்டு ஷிஃப்ட் (முந்தைய வரிசையோடு ஒப்பிட), கம்சம் (மாறும் இடங்களைக் கூட்டிக்கொண்டே போக) போடுங்கள். வெப்பநிலையை நேரடியாக முந்தைய வரிசையோடு ஒப்பிட்டால், வெப்பநிலை மாறிய ஒவ்வொரு நாளும், பதிவில்லாத ஒவ்வொரு நாளும் தனித் தொடராகப் பிரியும். ஆர் மொழியில் தொடர்களின் நீளத்தை எண்ணும் ஆர்எல்இ சார்பிலும் விடுபட்ட மதிப்புகளுக்கு இதே கதைதான்.