சால்ஃபோர்டா, நாட்டிங்ஹாம் டிரென்ட்டா?

இங்கிலாந்தில் ஒலி-ஒளிபரப்பு இதழியல் படிக்க சால்ஃபோர்ட், நாட்டிங்ஹாம் டிரென்ட் ரெண்டு பல்கலைக்கழகத்திலும் ஆஃபர் வந்திருக்கு, தரவரிசை பார்த்தும் குழப்பம் தீரலை என்று கேட்டிருக்கீங்க. தரவரிசையை ஓரமாக வைங்க, இந்தத் துறைக்கு அது பெரிசா உதவாது.

முதலில் பார்க்க வேண்டியது பிஜேடிசி (ஒலி-ஒளிபரப்பு இதழியல் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அமைப்பு) அங்கீகாரம். அது பல்கலைக்கழகம் முழுவதற்குமானது இல்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. அதனால் உங்களுக்கு வந்த ஆஃபரில் உள்ள அதே படிப்பின் பெயர் அவர்கள் பட்டியலில் இருக்கிறதா பாருங்க.

சால்ஃபோர்டின் பலம் இடம்தான். ஊடக நிறுவனங்கள் கூடியிருக்கும் மீடியாசிட்டி பகுதியில் 2011இலிருந்து அவர்களுக்கு வளாகம் இருக்கு, பிபிசியும் ஐடிவியும் நடந்து போகிற தூரம், காலைச் செய்தி நிகழ்ச்சியான பிபிசி பிரேக்ஃபாஸ்ட் 2012லிருந்து அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பக்கத்தில் இருப்பதாலேயே உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள் என்று நினைச்சுக்காதீங்க, பிளேஸ்மென்ட்டுக்கு (படிக்கும்போதே செய்யும் வேலைப் பயிற்சி) நீங்கதான் விடாமல் மெயில் போடணும். நாட்டிங்ஹாமிலும் பிபிசியின் வட்டாரச் செய்தி நிகழ்ச்சியான ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் டுடே, உள்ளூர் வானொலி எல்லாம் உண்டு. சின்ன ஊர் என்பதால் செய்தி தேடி அலைய வசதி, லண்டன் வாடகையும் இல்லை.

ஓப்பன் டேயில் ஸ்டுடியோவைக் காட்டி மயக்குவார்கள் (எல்லா இடத்திலும் பளபளன்னுதான் இருக்கும்). அதை விட்டுட்டு, நேரக்கெடுவோடு புல்லட்டின் போடுகிற நியூஸ்டே (நிஜச் செய்தி அறை போல நடக்கும் பயிற்சி நாள்) எத்தனை, எந்த வருஷத்திலிருந்து, வார இறுதியில் கேமரா வெளியே எடுத்துப் போகலாமா, பாடம் எடுப்பவர் கடைசியாக எப்போது செய்தி அறையில் வேலை பார்த்தார், இதையெல்லாம் மூன்றாம் வருட மாணவரைத் தனியாகப் பிடித்துக் கேளுங்க. ஊடகச் சட்டம் ஒழுங்காக நடத்துகிறார்களா என்பதும் முக்கியம், பிரிட்டனின் 1981 நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் தெரியாமல் கோர்ட் வாசலில் மைக் பிடிக்க முடியாது.

நான் என்றால் சால்ஃபோர்டை ஃபர்மாகவும் (முதல் தேர்வு), டிரென்ட் கேட்கும் மதிப்பெண் குறைவு என்றால் அதை இன்ஷூரன்ஸாகவும் (மாற்றுத் தேர்வு) பல்கலைக்கழக விண்ணப்பத் தளமான யூகாஸில் போடுவேன். நியூஸ்டே விஷயத்தில் டிரென்ட் தெளிவாக முந்தினால் மட்டும் மாற்றிப் போடுங்க.